பூட்டுக்கு முன்னால் ஒரு குனிவு

மச்சான்,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போன வாரம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டிக்குள் நின்றுகொண்டு, பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, ஒரு மரத்தூணை மோந்து பார்த்தேன். போகிற போக்கில் மூக்கில் பட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. கண்ணை மூடி, மூக்கைத் தூணோடு ஒட்டவைத்து, இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரைக்கும் நிதானமாக மோந்தேன். நரைத்த மீசை, எனக்கு முன்னால் போகிற தொந்தி, கையில் சாம்பிள் வெல்லம் கட்டிய துணி மூட்டை. இந்தக் கோலத்தில் ஒருவன் தூணைக் கட்டிக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

மண்டிக் குமாஸ்தா முதலில் என்னை வெல்லத் தரகன் என்று நினைத்தான், அது சரி. பிறகு பைத்தியம் என்று நினைத்தான். அதிலும் பெரிய தப்பில்லை. கடைசியில், கன்னம் வைத்துத் திருட இடம் பார்த்துப்போக வந்தவன் என்ற முடிவுக்கு அவன் வந்து சேர்ந்ததை அவன் முகத்திலேயே பார்த்தேன். மெல்லப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏனுங்க, தூணு வெலைக்கு வேணுங்களா?"

"இல்லீங்க. தெரிஞ்ச தூணாட்ட இருக்குது, அதானுங்க."

அதற்கப்புறம் அவன் கண் என் மூட்டையை விட்டு நகரவே இல்லை.

வேப்பெண்ணெயில் குங்கிலியத்தைப் போட்டுக் காய்ச்சினால் வருமே, கசப்பும் கோயிலும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை, அதுதான். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, ஒரு கந்தைத் துணியால் உன் வீட்டுத் தூண்களுக்கு நீ தேய்ப்பாயே, அதே பூச்சு. அந்தக் கலவையை வேறு எந்த வீட்டிலும் நான் மோந்ததில்லை. நீ கண்ணை மூடியது ஆடியில், இது தை; ஊரைவிட்டு வந்துவிட்ட நான் நடுவில் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்குச் சந்தேகம் வர வேறென்ன வேண்டும்? உன் பங்காளிகள் வீட்டைப் பிரித்துத் தூண்களைச் சேலத்துக்கு வண்டி ஏற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். நீ இருந்தவரைக்கும் உன்னைச் சந்தேகப்பட்டுப் பழகிய புத்தி, நீ போனபின் உன் தூணைச் சந்தேகப்படுகிறது.

அந்த வீட்டை என்ன செய்வது என்ற பேச்சு முதலில் எழுந்தபோது ஜெர்மன் சண்டை ஆரம்பித்திருக்கவில்லை. அரிசிக்கும் துணிக்கும் ரேஷன் கார்டு வந்திராத காலம். ஜேடர்பாளையம் அணைமேல் நின்று பார்த்தால் தென்னைகளுக்கு மேலே அதன் ஓட்டு முகடு தெரியும். ஊரில் அதற்குப் 'பெரிய ஊடு' என்றுதான் பேர். நடுவில் தொட்டி முற்றம், தொட்டியைச் சுற்றித் தேக்குத் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் தாழ்வாரம், தாழ்வாரத்தைச் சுற்றி அறைகள். உன் பாட்டனுக்குப் பாட்டன் பாளையக்காரருக்குத் தானியம் அளந்த காலத்தில் கட்டியது என்பார்கள். உன் அப்பா காலமானதும் உன் பெரியப்பா மகன் வந்தார். ஊரே அவரைப் 'பெரிய பங்காளி' என்றுதான் கூப்பிட்டது. அவரும் அந்தப் பேருக்குக் குறை வைக்காத மனிதர். இத்தனை பெரிய வீடு ஒருத்தனுக்கு எதற்கு, பிரித்துப் போட்டால் தேக்குக்கே நல்ல விலை, ஆளுக்குப் பாதி என்றார். நீ பதில் சொல்லாமல் மெட்ராசுக்கு ரயில் ஏறினாய். திரும்பி வந்து, வீட்டைக் காட்சிச்சாலை ஆக்கப் போகிறேன் என்றாய்.

மெட்ராசில் மிருகங்களைக் கூண்டில் வைத்திருக்கிற இடத்துக்கு உயிர் காலேஜ் என்றும், பழம்பொருளையும் பாடம் பண்ணிய பிராணிகளையும் வைத்திருக்கிற இடத்துக்குச் செத்த காலேஜ் என்றும் பேர். நம் ஊரில் அங்கே போய் வந்திருந்தவன் உன்னைத் தவிர நான் ஒருவன்தான். ஆகவே காட்சிச்சாலை என்றால் என்ன என்று ஊருக்கு விளக்கும் பொறுப்பை, யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டேன். செத்ததையெல்லாம் வைக்கோல் அடைத்து நிற்க வைத்திருப்பார்கள் என்று காப்பிக் கடையில் சொன்னேன். நரி, மயில், முதலை என்று அடுத்துச் சொல்வதாகத்தான் இருந்தேன். அதற்குள் கடை காலியாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள், உன் அப்பாவுக்கு நீ கொள்ளி வைத்தது வெறும் கண்துடைப்பு என்றும், அவர் உள்ளே வைக்கோலோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார் என்றும் மேற்குத் தெருவில் பேசிக்கொண்டார்கள். சாவுக்கு வந்து தோள் கொடுத்தவர்களே பேசிக்கொண்டார்கள் என்பதுதான் விசேஷம்.

உனக்கும் பெரிய பங்காளிக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் கொத்துக்காரர். ஊர் வழக்கெல்லாம் அவர் வேப்பமரத்தடிக்குத்தான் போகும். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "வார மாரியாயி நோம்பி வரைக்கும் பாக்கலாம். ஊட்டுக்குள்ள ஊரு பொழங்குச்சுன்னா ஊடு நிக்கட்டும். நீ ஒருத்தனே குந்தியிருந்தீன்னா, பிரிச்சு எடுத்துக்கட்டும்."

அன்றிலிருந்து உனக்கு நோம்பிதான், அந்த மாரியம்மன் திருவிழாதான், கெடு. சந்தைக்கு மறுநாள் ஊர் சும்மா இருக்கும் என்று கணக்குப் பண்ணி, வாராவாரம் அந்த நாளில் முன்கதவைத் திறந்துவைத்தாய்.

முதல் வாரம் வந்தவன் நான் ஒருவனே. அதுவும் சினேகிதத்தால் அல்ல. என்ன சூழ்ச்சி என்று பார்க்க வந்தேன். மாமரத்தில் ஒரு காயை எவனையும் தொடவிடாதவன் திடீரென்று வீட்டையே ஊருக்குத் திறந்துவிடுகிறான் என்றால் அதில் ஏதாவது இருக்க வேண்டாமா? அறை அறையாகச் சுற்றிக் காட்டினாய். ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அட்டைத் துண்டு கட்டி, கட்டை எழுத்தில் விவரம் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. "பல்லக்கு. மூங்கில் உளுத்துவிட்டது. ஏற வேண்டாம்." "வாள். யாரையும் வெட்டியதாகத் தெரியவில்லை." "கட்டில். பாளையக்காரர் இதில் படுத்ததாகச் சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை."

இப்படி எழுதிவைத்தால் எவன் மச்சான் வருவான், ரெண்டு பொய்யாவது சேர்த்துப்போடு, வாளில் கொஞ்சம் குங்குமமாவது தடவு என்று கெஞ்சினேன். "தெரிஞ்சதுதான மாப்ள எழுத முடியும்" என்றாய். நீ நிஜமாகவே அப்படிப்பட்ட ஆளா, அல்லது அப்படிப்பட்ட ஆள்போல நடிக்கிற ஆளா என்பது எனக்கு அன்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

சுற்றிக் காட்டிய வழியில் வடமேற்கு மூலையில் ஓர் அறை பூட்டியிருந்தது. உள்ளே என்ன என்றேன்.

"ஒண்ணுமில்ல மாப்ள. ஓடு ஒழுகுது, பூட்டிப்போட்டேன்."

எதையாவது ஒளிக்கிறவன் வேறு எப்படிச் சொல்வான்?

அடுத்த இரண்டு மூன்று சந்தைகளுக்கும் ஈ காக்கை வரவில்லை. வெறும் சாமானைப் பார்க்க ஊர் வராது, ஊரே செய்கிற ஏதாவது ஒன்று வீட்டுக்குள் நடக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியது அப்போதுதான். பாவாயியைக் கூப்பிட்டு அனுப்பினாய். கரும்பு வெட்டுகிற குடும்பம். அவள் பாட்டுக்குக் கும்மியடிக்கப் பரமத்தி வரைக்கும் கூப்பிடுவார்கள். அவள் வாய்க்குப் பயந்து அவள் புருஷனே வரப்பில் இறங்கி வழி விடுவான். நீ கேட்டது இதுதான்: வாராவாரம் வந்து தாழ்வாரத்தில் கும்மி பழக்கிவிடு; பகலில் பொம்பளைகளுக்கு, சாயங்காலம் ஆம்பளைகளுக்கு.

அவள் முன்வாசல் படிக்கு வெளியே நின்றாள். அவள் சனம் அந்த வீட்டுக்கு எது கொண்டுவந்தாலும் மாட்டுக்கொட்டகை வழியாகத்தான் வந்து வழக்கம்.

"எந்த வழியில வாரதுங்க?"

"இந்த வழியிலதான் பாவாயி."

"நாளைக்கு ஊரு என்னையல்லங்க வையும்? உங்களையா வையப்போகுது?"

நீ நிலைப்படியை விட்டு ஒதுங்கி நின்றாய். அவள் சற்று நேரம் படியையே பார்த்தாள். பிறகு, கரும்புக்காட்டில் பாம்பு இருக்கிற வரிசையில் கால் வைக்கிற மாதிரி ஒவ்வொரு காலாக வைத்து உள்ளே வந்தாள்.

ஊர் வைதது. அவளை மட்டுமல்ல, உன்னையும் சேர்த்தே வைதது. கும்மி எதற்கு என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. எவனுக்கு மூச்சு வாங்காமல் ஆட முடிகிறது என்று பார்த்துத் தெம்பான ஆளாகப் பொறுக்கி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்ப உனக்குத் தரகு பேசியிருக்கிறது என்றார்கள். அந்த வதந்தி என்னுடையதல்ல. நான் சொன்னது ஏற்காட்டுக் காப்பித் தோட்டம். யாரோ அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆக, பாவாயி பாடினாள், அவள் தெருப் பெண்கள் நாலு பேர் ஆடினார்கள், நீ தூணில் சாய்ந்து பார்த்தாய். பெரிய பங்காளி வாசல் பக்கமாக வாரம் ஒரு தடவை நடந்துபோய், வெளியிலிருந்தே தூண்களைக் கண்ணால் எண்ணிக்கொண்டு போனார்.

இதற்கு நடுவில்தான் நீ அந்த அட்டையைக் கட்டினாய். எல்லா அறைக்கும் அட்டை இருக்கிறது, இந்த ஒன்றுக்கு மட்டும் இல்லையே என்று உனக்கு மனசு உறுத்தியதாம். பூட்டிய கதவில் கட்டினாய்: "இங்கே ஒன்றும் இல்லை."

அன்றைக்குப் பாவாயியின் கூட்டத்தோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒரு கிழவர், எழுத்துத் தெரியாதவர், அது என்ன போட்டிருக்குதுங்க சாமி என்று என்னைக் கேட்டார். உள்ளது உள்ளபடிதான் படித்தேன். படிக்கும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தினேன். கடைசியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் பங்கு.

அடுத்த வாரம் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

ஒன்றும் இல்லாத அறையை எவனாவது பூட்டுவானா, பூட்டினாலும் எழுதிவைப்பானா என்பதுதான் ஊரின் கேள்வி. நியாயமான கேள்வி. எல்லாரும் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றார்கள். நின்றவர்களைப் பாவாயி நிற்கவிடவில்லை. தாழ்வாரம்தான் அவள் கும்மி வட்டம் சுற்றுகிற பாதை.

"சும்மா நிக்கறவங்க வெளிய போய் நில்லுங்க சாமி. ஆடறவங்களுக்குத்தான் உள்ள எடம்."

அதனால் ஆடினார்கள். ஆடினால்தான் கதவைத் தாண்டிப் போகலாம். கும்மியில் குனிந்து நிமிர்கிற அடி வேறு இருக்கிறதே, குனிந்தால் சாவி ஓட்டை சரியாகக் கண்ணுக்கு நேரே வரும். குனிகிறவன் நிமிர ஒரு கணம் கூடுதலாக எடுத்துக்கொள்வான். அந்தக் கணத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பார்த்தார்கள். பட்டறைக் கருமான் புதையல் குடம் பார்த்தான். மேற்குத் தெருக்காரர்கள் உன் அப்பாவைப் பார்த்தார்கள், கொஞ்சம் இளைத்திருந்தாராம். கதர்க் கொடி மூட்டை இருப்பதாக ஒரு பேச்சுக் கிளம்பி, அதை விசாரிக்கப் பரமத்தி வேலூரிலிருந்து வந்த போலீஸ்காரர் ஒருவரையும் பாவாயி சும்மா நிற்கவிடவில்லை. அந்த மனுஷன் தலைப்பாகையோடு இரண்டு சுற்று ஆடினார். இரண்டாவது சுற்றில் அடி சுத்தமாக இருந்தது. நானும் ஆடினேன். தாளத்துக்கும் எனக்கும் பிறவிப் பகை. என் கை ஒரு பாட்டுக்கும் கால் வேறு பாட்டுக்கும் போகும். ஆனால் குனிகிற இடத்தில் மட்டும் தப்ப மாட்டேன். உள்ளே வெள்ளையாக ஏதோ அசைந்ததை இந்தக் கண்ணால் பார்த்ததாக ஊர் முழுக்கச் சொன்னேன்.

பாவாயிக்குத்தான் தாங்கவில்லை. வட்டம் வட்டமாக இல்லாமல், அந்த மூலையில் மட்டும் பிதுங்கிக்கொண்டு நின்றது. "ஏனுங்க, கும்மியடிக்க வந்தீங்களா, பூட்டைக் கும்புட வந்தீங்களா?" என்று கேட்டுப் பார்த்தாள். ஒருவரும் திருந்தவில்லை. கடைசியில் அவளே இறங்கிவந்து, எங்கள் குனிவுக்கு ஏற்றபடி பாட்டில் ஒரு இழுப்பைச் சேர்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அது பிசகாகத் தெரியவில்லை. மூன்று அடி நடை, ஒரு கைதட்டு, பக்கவாட்டில் ஒரு நீண்ட குனிவு, நிமிர்வு. பார்க்க நன்றாகவே இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. நீ அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் அன்று கவனிக்கவில்லை. மாட்டுக்கொட்டகை வழியாக வர வேண்டியவர்கள் முன்வாசல் வழியாக வந்தார்கள். அதற்காகக் கோபித்துக்கொண்டு நின்றுவிட்ட இரண்டு குடும்பங்களும், உள்ளே என்ன தெரிந்தது என்று கேட்காமல் இருக்க முடியாமல் நாலாம் வாரம் வந்து சேர்ந்துகொண்டன. கொத்துக்காரரே வந்தார். பாவாயியின் புருஷனுக்குப் பின்னால் நின்று, அவன் குனிந்து நிமிரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, பிறகு தான் குனிந்தார்.

மாரியாயி நோம்பியில் நம் ஊர்க் கும்மி கோயில் முன்னால் அரங்கேறியபோது, அந்தப் பக்கக் குனிவைப் பார்த்து அண்டை ஊர்க்காரர்கள் அசந்துபோனார்கள். பூட்டும் இல்லை, கதவும் இல்லை, திறந்த வெளி. இருந்தாலும் எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே பக்கமாக, வடமேற்கு நோக்கிக் குனிந்தோம். இது என்னங்க அடி என்று கேட்டவர்களுக்குப் பாவாயி சொன்ன பதில், "எங்கூரு அடிங்க." அவ்வளவுதான்.

மறுநாள் காலை தீர்ப்பு. கொத்துக்காரர் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊர் தொட்டிக்குள்ளும் படிகளிலும் நிறைந்திருந்தது. பெரிய பங்காளி லேசுப்பட்டவர் அல்ல என்று அன்றுதான் தெரிந்தது. கூட்டம் வந்தது வாஸ்தவம், கும்மிக்கு வரவில்லை, அறைக்கு வந்தது என்றார். அறைக்குள் சொத்து இருந்தால் அதில் பாதி தனக்கு, வீட்டையும் பிரிக்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால், ஊரை ஏமாற்றிச் சேர்த்த கூட்டம் கணக்கில் வராது. அப்போதும் வீட்டைப் பிரிக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் தூண் அவருடையது. போதாததற்கு, "பண்ணையத்து ஆளுகள முன்வாசல்ல உட்டவன் இவன்" என்று ஒரு போடு போட்டார். கொத்துக்காரர் அதற்கு மட்டும் நீளமாக இருமினார். பாவாயியின் புருஷன் பக்கம் பார்ப்பதைக் கவனமாகத் தவிர்த்தார்.

"தொறந்து காட்டு" என்றார் உன்னிடம்.

நீ இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாய். சமையல்கட்டு வாசலில் உன் வீட்டுக்காரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பிடித்த பிடியைப் பார்த்தால், பிரிக்க வருகிறவன் முதலில் அவளைப் பிரிக்க வேண்டியிருக்கும் போலிருந்தது. எனக்கு என்ன ஆசை தெரியுமா மச்சான்? உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் என்று ஆசை. வீடு போனாலும் பரவாயில்லை, நான் பார்த்த வெள்ளை உருவம் இருக்க வேண்டும் என்று ஆசை. சினேகிதன் என்ற பேரில் உனக்கு வாய்த்தது அப்படி ஒரு ஜென்மம்.

கதவு திறந்தது. ஒழுகின ஓட்டின் வழியாக வெயில் ஒரு கோடாக விழுந்து தரையில் கிடந்தது. கொஞ்சம் பாசி. வேறு ஒன்றுமே இல்லை.

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு பின்னாலிருந்து யாரோ, "நேத்தே எடுத்துப்போட்டாருங்க" என்றார். நம் ஊர் நம் ஊர்தான்.

"பாத்தீங்களா, ஊரையே ஏமாத்திப்போட்டான்" என்றார் பெரிய பங்காளி.

கொத்துக்காரர் என்னைக் கூப்பிட்டார். கதவில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றார். படித்தேன், இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை.

"ஒண்ணுமில்லைன்னுதான எழுதி வெச்சிருக்கறான்? இதுல ஏமாத்து எங்க இருக்குது?"

எழுதிவைத்ததே ஏமாற்றத்தான் என்றார் பெரிய பங்காளி. சொன்னால் சொல்லட்டும், எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். கொத்துக்காரர் தாடையைத் தடவினார். தீர்ப்பு அந்தப் பக்கமாகச் சாய்கிற மாதிரி எனக்குப் பட்டது. அப்போது படியில் நின்ற பாவாயி, யாரையும் கேட்காமல், பாட்டை எடுத்தாள்.

கால்கள் தானாக நகர்ந்தன. முதலில் அவள் தெருப் பெண்கள், பிறகு கருமான், மேற்குத் தெரு, நான். தாழ்வாரம் நிறைந்து வட்டம் சுற்றத் தொடங்கியதும் நடுவில் சிக்கிய பெரிய பங்காளியும் தள்ளுப்பட்டு நாலு அடி வைத்தார். அந்த மூலைக்கு வந்தோம். கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. அறை வெறிச்சோடிக் கிடப்பதை எல்லாரும் இப்போதுதான் பார்த்திருக்கிறோம். எட்டிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? இருந்தாலும் குனிந்தோம். ஒருவர் விடாமல், பக்கவாட்டில், நீளமாக, ஒன்றுமில்லாத அறைக்குக் குனிந்து நிமிர்ந்து போனோம்.

கொத்துக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஊரு பொழங்குது" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நீ அன்று சாயங்காலமே அறையை மறுபடி பூட்டி, அட்டையையும் கட்டிவிட்டாய். ஓடு இன்னும் ஒழுகுகிறதாம்.

பல வருஷம் கழித்து ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோது நேராகவே கேட்டேன்: ஊரைக் கூட்டத்தானே மச்சான் அந்த அட்டையை எழுதினாய்? நீ தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டே, "ஒண்ணுமில்லைன்னு எழுதியும் நீங்க நம்பல. இப்ப வாயால சொன்னா நம்பிப்போடுவியா மாப்ள?" என்றாய். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை புரட்டிப் பார்க்கிறேன். யோக்கியன் சொல்லக்கூடிய பதில். பலே கைகாரனும் அதையே சொல்வான்.

செவ்வாய்ப்பேட்டைக்கு வருகிறேன். மண்டியை விட்டுக் கிளம்புமுன் குமாஸ்தாவிடம் கேட்டேவிட்டேன், இந்தத் தூண் எங்கிருந்து வந்தது என்று. அவன் பாட்டன் காலத்திலிருந்து அங்கேயே நிற்கிறதாம். பூச்சு மட்டும் புதுசு; கரையான் வந்தபோது, வெல்லம் போட வந்த ஜேடர்பாளையத்துக்காரர் ஒருவர் முதலாளிக்குச் சொல்லிக் கொடுத்தாராம். "கையோட நின்னு காச்சியே குடுத்துட்டுப் போனாருங்க" என்றான். யார் என்று நான் கேட்கவில்லை. மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டுகிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன். அவன் சந்தேகம் அதில் இன்னும் பலப்பட்டிருக்கும்.

அப்படியும் நம்பாமல், கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி, மூக்கெல்லாம் கரியாக நம் ஊருக்குப் போய் இறங்கினேன். வீடு நிற்கிறது. தூண் ஒன்றுகூடக் குறையவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். உன் வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். நீ போனபின் அவள் சிரித்ததை நான் பார்க்கவில்லை. சந்தைக்கு மறுநாள் அது. பாவாயி திண்டில் சாய்ந்து உட்கார்ந்தபடி பாடினாள், குரல் மட்டும் வயசாகவில்லை. புதுப் பெண்கள், நம்மைத் தெரியாதவர்கள், மூலைக்கு வந்ததும் குனிந்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவருக்குப் பெரிய பங்காளி பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார்: பாளையக்காரர் காலத்தில் அந்த மூலையில்தான் அவர் உட்காருவார், குடிகள் வணங்கிப் போவார்கள், அந்த மரியாதைதான் இந்த அடி. தலைமுறை தலைமுறையாக வருகிறதாம். குரலில் என்ன பெருமை. கேட்டால் நீ ஓர் அட்டை எழுதியிருப்பாய்: "எனக்கு நம்பிக்கை இல்லை."

எனக்கு மூட்டு தேய்ந்துவிட்டது, ஆடுவதை விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் குனிவு என்னை விடவில்லை. போஸ்ட் ஆபீஸ் பூட்டியிருந்தால் குனிகிறேன். ரயிலடியில் பார்சல் அறைக்குக் குனிகிறேன். அன்று மண்டியிலிருந்து வெளியே வரும்போது பின்கட்டுச் சரக்கறை பூட்டியிருந்தது. அதற்கும் ஒன்று போட்டேன், குமாஸ்தா பார்க்கப் பார்க்க. நீ எனக்கு விட்டுப்போனது அவ்வளவுதான் மச்சான்: பூட்டிய எதைக் கண்டாலும் உடம்பு ஒரு கணம் நின்று, பக்கவாட்டில் சாய்ந்து, ஆசைப்பட்டு, பிறகு நிமிர்ந்து நடக்கிறது.

உன் வீட்டிலிருந்து கிளம்பும்போது, எனக்குத் தங்கச்சி முறையாகிற உன் வீட்டுக்காரி ஒரு கரண்டியில் எண்ணெயோடு வந்தாள். அந்த மூலைப் பூட்டு இறுகிப்போய்விட்டதாம். "சித்தெ எண்ணெ உடுங்கண்ணா, உங்க மச்சாந்தான் உட்டுட்டு இருந்தாருங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பித்தளை, நல்ல கனம். நாதாங்கியில் மாட்டித் தொங்குகிற திண்டுக்கல் பூட்டு. சாவி ஓட்டை பூட்டில்தான் இருக்கிறது. கதவில் ஓட்டையே கிடையாது.